தென்காற்று நல்ல காற்றா? டிரவுட் தூண்டில்காரர்களின் ஒரு பழைய விதி

ராமநாதபுரம் பக்கம் எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். சின்ன வயசில் "இன்னைக்கு மீன் கிடைக்குமா தாத்தா?" என்று கேட்டால், தாத்தா பதில் சொல்ல மாட்டார். முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு போல. இங்கிலாந்துக்காரர்களின் பழைய தூண்டில் புத்தகங்களைப் புரட்டும்போது மீனைவிடக் காற்றுதான் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அதைப் பற்றி எடுத்துவைத்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை.

தூண்டிலைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496-இல் வந்தது. வின்கின் டி வோர்டு அச்சிட்டார். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியாஸ்திரி எழுதியது என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தச் சின்ன நூலிலேயே காற்றுக்குத் தரவரிசை வந்துவிட்டது. கிழக்குக் காற்று மகா மோசம், மேற்கும் வடக்கும் பரவாயில்லை, தெற்குதான் உத்தமம். இந்த வரிசை பிறகு வாய்வழிப் பாட்டாகவும் ஆகி, இன்றைக்கும் அங்கே தூண்டில்காரர்கள் வாயில் புழங்குகிறது.

முதலில் இதை நான் மூடநம்பிக்கை என்றுதான் ஒதுக்கினேன். திசை பார்த்து மீன் சாப்பிடுமா என்ன? ஆனால் கொஞ்சம் யோசித்தால் விஷயம் இருக்கு.

இங்கிலாந்துக்குக் கிழக்குக் காற்று ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வருவது. வசந்தத்தின் தொடக்கத்தில் அது வறண்ட, எலும்பைத் துளைக்கும் குளிர்காற்று. தெற்கும் தென்மேற்கும் அட்லாண்டிக் பக்கமிருந்து இதமான ஈரத்தையும் மேகத்தையும் கொண்டுவரும். டிரவுட் குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் ரொம்பச் சில்லிட்டால் அதற்குப் பசியே இருக்காது. சுமார் 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் நன்றாக மேயும். அதற்குப் பிரதான இரை நீர்ப்பூச்சிகள். அவையும் இதமான நாளில்தான் அடியிலிருந்து கிளம்பி மேலே வந்து சிறகு விரிக்கும். மேகம் மூடியிருந்தால் மீனுக்கும் மேற்பரப்புக்கு வரத் துணிச்சல் வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. அன்றைய தூண்டில்காரரிடம் இருந்தது 15, 18 அடிக் கோலும், குதிரைவால் மயிரை முறுக்கிச் செய்த கயிறும்தான். கயிற்றுக்குக் கனமே கிடையாது. எதிர்காற்றில் வீசினால் முகத்திலேயே வந்து விழும். காற்று முதுகுப் பக்கம் இருந்தால்தான் பிழைப்பு. எண்ணெய் ஊறிய பட்டுக்கயிறு 19-ஆம் நூற்றாண்டில் பரவிய பிறகுதான் காற்றை எதிர்த்து வீசுவது கொஞ்சம் கைவசமானது.

காற்று நீர்ப்பரப்பிலும் வேலை செய்கிறது. நீருக்குள்ளிருந்து மீன் வெளியுலகத்தை ஒரு வட்டச் சன்னல் வழியாகப் பார்க்கிறது. அந்தச் சன்னலின் அகலம் சுமார் 97 டிகிரி கோணம். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தால் கரையில் நிற்கிற ஆள் அதற்குத் தெளிவாகத் தெரிவான். சிற்றலை எழும்பினால் சன்னல் கலங்கிவிடும். அதனால்தான் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் காற்றே இல்லாத நாளைச் சபிக்கிறார்கள்.

சரி, விதி உண்மைதான் என்று நான் முடிவுகட்டிய நேரத்தில் ஐசக் வால்டன் வந்து குறுக்கே நின்றார். அவருடைய தூண்டில் நூல் 1653-இல் வந்தது. பழைய வரிசையை அவரும் சொல்கிறார். ஆனால் அதோடு விடவில்லை: மேகம் இருக்கணும், கடுங்குளிர் இருக்கக் கூடாது, அப்புறம் காற்று எந்த மூலையிலிருந்து அடித்தாலும் எனக்குக் கவலையில்லை என்கிற பொருளில் எழுதுகிறார். காற்றையே பார்த்து மண்டையை உடைத்துக்கொள்வதை மூடநம்பிக்கை என்றும் இடிக்கிறார். ஆக, திசை வெறும் அடையாளம்; மீனுக்கு முக்கியம் குளிரும் வெளிச்சமும்தான் என்பதைப் பிரித்துப் பார்த்தவர் அவர். வெப்பமானி புழக்கத்துக்கு வராத காலத்தில் காற்றுதான் சாதாரண மனிதனுக்கு வெப்பமானி.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்று எனக்கு உறைத்தது நீலகிரியை நினைத்தபோதுதான். இங்கே டிரவுட் கிடையாது, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. இந்திய மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1860-களிலேயே முயன்றும் மீன் நிலைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, ரெயின்போ டிரவுட்டை நிலைநிறுத்தினார்.

இப்போ லண்டனில் அச்சான விதியை அவலாஞ்சி ஓடைக்கரையில் வைத்துப் படிச்சுப் பாருங்க. தென்மேற்குக் காற்று நல்ல காற்றாம்! ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே அடிக்கிற தென்மேற்குக் காற்று எது? பருவமழை. 2019 ஆகஸ்டில் அதே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அவ்வளவு வேண்டாம், சாதாரணப் பெருமழைக்கே ஓடை செந்நிறமாகப் பெருக்கெடுக்கும். டிரவுட் கண்ணால் பார்த்து இரை பிடிக்கிற மீன். கலங்கல் நீரில் செயற்கை ஈயைக் கட்டி வீசினால் அதன் கண்ணில் எப்படிப் படும்? எங்கள் ஊரில் மேகம் கொண்டுவருகிற கொண்டல், அங்கே இங்கிலாந்தில் வறண்ட கிழக்குக் காற்று. திசை ஒன்றுதான், குணம் வேறு.

விதியைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அது அவர்கள் ஊர்க் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் பிறந்த விதி. மீன் முட்டையைக் கப்பலில் பத்திரமாக ஏற்றிக் கொண்டுவரலாம்; காற்றின் குணத்தைக் கொண்டுவர முடியாது. மூடநம்பிக்கை என்று நான் அவசரப்பட்டு ஒதுக்கியதும் தப்பு, பிறகு சரி என்று அப்படியே விழுங்கியதும் தப்பு.

தாத்தா காற்றைப் பார்த்த பிறகும் உடனே பதில் சொன்னதில்லை. இறங்கிப்போய்த் தண்ணீரில் கைவைத்துப் பார்ப்பார். அது எதுக்குன்னு நான் கேட்டதே இல்லை. உங்கள் ஊரில் காற்றுக்கு என்ன பெயர், அது வந்தால் என்ன செய்வார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்பவே கேட்டு எழுதி வைங்க.