லிட்டருக்கு எத்தனை? ஸ்கூட்டரும் மைலேஜ் போட்டியும்

'மைலேஜ்' என்ற ஒரே சொல்லுக்கு உலகத்தில் இரண்டு அர்த்தம் நடமாடுகிறது. அமெரிக்காவில் ஒரு வண்டிக்காரரிடம் கேட்டால், இந்த வருஷம் மொத்தம் எத்தனை மைல் ஓட்டினேன் என்று சொல்லக்கூடும். லஸ் கார்னரில் நின்று அதே கேள்வியைக் கேளுங்கள். "லிட்டருக்கு நாற்பத்தைந்து கொடுக்குது சார்" என்று பதில் வரும். அங்கே அது தூரக் கணக்கு, இங்கே அது பெட்ரோல் கணக்கு. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. நம் மலருக்கு அதைத்தான் எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் அவர்கள் போட்டியைப் பார்ப்போம். அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் சங்கம் ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரு மைலேஜ் போட்டி நடத்துகிறது. தொடக்கத்தில் வண்டியின் மீட்டர் எண்ணைக் குறித்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். பருவம் முடிந்ததும் மறுபடியும் அதே மாதிரி. இரண்டு எண்ணையும் கழித்தால் வருவதுதான் மதிப்பெண். வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. வெஸ்பா கிளப்காரர்களிடமும் இதற்கு உறவான ஒரு வழக்கம் உண்டு. வருடாந்தர உலகக் கூடலுக்கு ஸ்கூட்டரிலேயே வருகிறவர்கள், வழிநெடுக உள்ள ஊர்களில் பயணப் புத்தகத்தில் முத்திரை வாங்கிப் புள்ளி சேர்ப்பார்கள்.

"ஸ்கூட்டரில் என்னய்யா ராலி?" என்று சிலர் சிரிக்கலாம். வெஸ்பாவை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். இன்ஜினைத் தகட்டுக்குள் மூடி, கால் வைக்க இடம் விட்டு, வேட்டியோ புடவையோ அழுக்காகாமல் போகிற மாதிரியான வண்டியை 1946-ல் பியாஜியோ கம்பெனிக்காக உருவாக்கினார். அடுத்த வருஷமே மிலான் நகரத்து இன்னொசென்டி கம்பெனியின் லாம்ப்ரெட்டா போட்டிக்கு வந்துவிட்டது. 1951-ல் இத்தாலியின் வரேசே நகரில் நடந்த சர்வதேச ஆறு நாள் சோதனையில், பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வெஸ்பா அணி ஒன்பது தங்கப் பதக்கம் வாங்கியது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இந்தியாவில் லாம்ப்ரெட்டாவை பம்பாயின் ஏ.பி.ஐ. நிறுவனமும், வெஸ்பாவை 1960-களின் தொடக்கத்திலிருந்து பஜாஜும் கொடுத்தன. நம் திருவொற்றியூர் என்ஃபீல்ட் தொழிற்சாலையிலிருந்தே 'ஃபெண்டாபுலஸ்' என்று ஒரு ஸ்கூட்டர் 1960-களில் வந்தது, அதுவும் பட்டன் ஸ்டார்ட்டோடு! பியாஜியோ ஒப்பந்தம் 1971-ல் முடிந்தது. மறு வருஷம் பஜாஜ் சேத்தக் பிறந்தது. பிறந்தது என்றேனே தவிர, கைக்குக் கிடைப்பது அவ்வளவு சுலபமா? தொழிலுக்கு லைசென்ஸ், உற்பத்திக்கு உச்சவரம்பு என்றிருந்த காலம். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷம்வரை காத்திருந்தவர்கள் உண்டு. மகன் பிறந்தபோது புக் பண்ணிய வண்டி அவன் நான்காம் வகுப்புப் போகும்போது வந்தது என்று மாட வீதியில் வேடிக்கையாகச் சொல்லுவார்கள். அதில் வேடிக்கை பாதி, உண்மை பாதி.

அப்படிக் கிடைத்த வண்டிக்கு அடுத்து வந்தது பெட்ரோல் அடி. 1973 அக்டோபரில் மேற்காசியப் போர் மூண்டது. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து 1973 நவம்பரில் வாஜ்பாயி மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். மயிலாப்பூர் குமாஸ்தாவுக்கு அப்படி மாட்டு வண்டியில் ஆபீஸ் போக முடியுமா? அவர் செய்தது வேறு. பாக்கெட் டைரியில் மூன்று பத்தி போட்டார்: தேதி, லிட்டர், கிலோமீட்டர். என் அப்பாவும் அப்படித்தான். டேங்கை வாய் வரை நிரப்பி மீட்டரைக் குறிப்பார். மறுபடியும் அதே பங்கில் வாய் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பார். மைலேஜ் என்ற சொல் நம் ஊரில் பெட்ரோல் கணக்கானதில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். தூரம் எப்படியும் மாறாது. வீடு, ஆபீஸ், பள்ளிக்கூடம், கபாலி கோவில். குறைக்க முடிந்தது லிட்டரை மட்டும்தான். அந்த விதத்தில் ஒவ்வொரு வீடும் வருஷம் முழுக்க ஒரு மைலேஜ் போட்டியில் இருந்தது. பரிசு கிடையாது. மாசக் கடைசியில் கையில் கொஞ்சம் காசு மிஞ்சும், அவ்வளவுதான்.

விளையாட்டுப் பக்கமும் சென்னை சும்மா இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் அமைந்தது. உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பல வருஷம் பந்தயம் நடத்திவிட்டு, 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை திறந்தார்கள். அது வேகப் பந்தயம். ஸ்கூட்டருக்குப் பொருத்தமானது ராலி. அதில் டி.எஸ்.டி. என்று ஒரு வகை: நேரம், வேகம், தூரம். மணிக்கு முப்பது கிலோமீட்டர் சராசரி என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் முப்பதுதான். மறைவாக இருக்கும் சோதனைச் சாவடிக்குத் தாமதமாக வந்தாலும் அபராதம், முந்தி வந்தாலும் அபராதம். இதற்கு வேகத்தைவிட நிதானமும், பின்சீட்டில் நன்றாகக் கணக்குப் போடும் நண்பனும்தான் தேவை. மும்பைப் பக்கம் கொட்டும் மழையில் ஸ்கூட்டருக்கென்றே ராலி நடந்திருக்கிறது. தேசிய இருசக்கர ராலி போட்டியிலும் ஸ்கூட்டருக்குத் தனிப் பிரிவு உண்டு. பருவம் முழுக்கப் பல ஊர்ச் சுற்றுகளில் சேர்த்த புள்ளிதான் அங்கே பட்டத்தை முடிவு செய்யும்.

பெட்ரோல் கணக்கையே போட்டியாக்கியவர்களும் இருக்கிறார்கள். 1939-ல் அமெரிக்காவில் ஷெல் ஆராய்ச்சிக்கூடத்து ஊழியர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். ஜெயித்தவர் எடுத்தது காலனுக்கு 49.73 மைல், அதாவது லிட்டருக்கு 21 கிலோமீட்டர். விளையாட்டாக ஆரம்பித்த இந்தப் பந்தயம் 1985-ல் பிரான்ஸில் 'ஈகோ மாரத்தான்' என்ற மாணவர் போட்டியானது. 2005-ல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களின் ஹைட்ரஜன் வண்டி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சமமான சக்தியில் 5,385 கிலோமீட்டர் போகும் கணக்கைக் காட்டியது. அந்தப் போட்டி 2018 டிசம்பரில் நம் இருங்காட்டுக்கோட்டைப் பாதைக்கே வந்தது. பல ஊர் இன்ஜினீயரிங் மாணவர்கள் தாங்களே செய்த வண்டிகளைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். வேகத்துக்கென்று கட்டிய பாதையில் சிக்கனத்துக்கு ஒரு போட்டி!

இன்றைய மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மைலேஜ் என்ற ஒற்றை எண்ணை மட்டும் துரத்தினால் ஆபத்து இருக்கிறது. 1973-ல் ஜெமினி மேம்பாலம் திறந்த பிறகு, அதன் இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொட்டுப் பெட்ரோல் மிச்சம், சரி. ஆனால் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் வருவதே பெட்ரோலோடு கலந்துதான். ஆக்ஸிலரேட்டரை மூடிவிட்டு, கியரோடு வேகமாக இறங்கினால் பிஸ்டனுக்கு எண்ணெய் போதாமல் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்கினாலோ, அவசரத்துக்கு வண்டி நம் சொல்பேச்சுக் கேட்காது. மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கை மெக்கானிக்குக்கோ டாக்டருக்கோ அழ வேண்டிவரும்.

இன்னொன்று, அந்த டைரிகளில் நான்காவது பத்தி ஒன்று இல்லை. அது புகை. டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். கூடவே எண்ணெய்ப் புகை. நாம் லிட்டரை எண்ணினோம், கச்சேரி ரோட்டில் நடந்து போனவர் எதைச் சுவாசித்தார் என்று எண்ணவில்லை. 1991 முதல் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்து, படிப்படியாக இறுகின. 2001-ல் ஹோண்டா ஆக்டிவா ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வந்தது. பழைய கியர் ஸ்கூட்டர்களின் காலம் முடிந்தது. 2020-ல் சேத்தக் பேட்டரி வண்டியாகத் திரும்பி வந்தது. இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர்கள் தயாராகின்றன. "லிட்டருக்கு எத்தனை" என்ற கேள்வி "ஒரு சார்ஜுக்கு எத்தனை" என்று மாறியிருக்கிறது. கேள்வியின் குணம் மட்டும் மாறவில்லை.

அதனால் எனக்கு ஓர் ஆசை. கல்வியாண்டு முழுக்க, ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிகிற ஒரு மைலேஜ் போட்டியை மாணவர்கள் நம் கல்லூரியில் நடத்திப் பாருங்கள். பெட்ரோலோ பேட்டரியோ, எதுவாகவும் இருக்கட்டும். சாட்சிக் கையெழுத்தோடு மீட்டர் எண், ஒரே அளவு முறை, தலையில் ஹெல்மெட், புகைச் சான்றிதழ். ஒரு நாள் சாதனைக்குப் பரிசு வேண்டாம். பத்து மாசமும் ஒரு பக்கம் விடாமல் நோட்டுப் போட்டவருக்குக் கொடுங்கள். ஒரு நாள் யார் வேண்டுமானாலும் சிக்கனமாக ஓட்டலாம். பத்து மாசம் ஓட்டுவதற்குத்தான் குணம் வேண்டும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் அந்தப் பாக்கெட் டைரி இருக்கலாம். பழைய பேப்பர்காரர் எடைக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்ற மூன்று பத்திக்குள் ஒரு தலைமுறை எப்படிக் குடும்பம் நடத்தியது என்ற கணக்கு இருக்கிறது. அடுத்த சந்திப்புக்கு வரும்போது கையோடு எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் ஒரு மேஜையில் வைத்து, யார் வீட்டு வண்டி என்ன கொடுத்தது என்று பார்த்துவிடலாம்!