எபெதிரீன் கண்ட வரலாறு

சீன மருத்துவர் இருமலுக்கும் இழைப்புக்கும் நெடுங்காலம் வழங்கிவந்த செடி மா குவாங் என்பதாகும். அதிலிருந்து எபெதிரீன் என்னும் பெனெதைலமீன் இனப் பொருளை யப்பானிய அறிஞர் நாகாய் நாகயோசி 1885 இல் பிரித்தெடுத்தார். கண்மணியை விரிக்கும் மருந்தென அறிந்ததேயன்றி, அதன் முழுப்பயனை மேலை மருத்துவம் ஏறத்தாழ 40 ஆண்டு உணர்ந்திலது.

1923 இல் பீக்கிங் ஒன்றிய மருத்துவக் கல்லூரியில் சென், சிமித்து என்போர் அதனை மீண்டும் ஆராய்ந்தனர். அதிரினலீனைப் போல அதுவும் மூச்சுக்குழாய்களைத் தளர்த்தும். ஆயின், அதிரினலீனை வாய்வழி கொடுப்பிற் பயனில்லை. எபெதிரீனோ வாய்வழியும் பயன் தந்து நெடுநேரம் நிற்பது. நரம்பு நுனிகளிலுள்ள நோரதிரினலீனை வெளிப்படுத்துவதே அதன் செயலிற் பெரும்பகுதி. ஊசியின்றியே ஈழை நோயாளர் ஆறுதல் பெற்றனர்.

நெஞ்சத் துடிப்பைக் கூட்டும் குறையினாற் பின்னர் வேறு மருந்துகள் அதன் இடத்தைப் பெற்றன. 2004 இல் ஐக்கிய அமெரிக்கா அச்செடியின் சாரம் கலந்த உணவுச்சேர்க்கைகளைத் தடைசெய்தது. பழமையென்று ஒதுக்குதலும், பச்சிலையென்று அஞ்சாது உண்ணுதலும் ஒருங்கே தவறென்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாம்.