ரெண்டும் ஒண்ணுதானா?

போன பொங்கலுக்கு மணமேல்குடி வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா கம்ப்யூட்டரைக் காட்டி, "இடமே இல்லைங்குது தம்பி, என்னன்னு பாரு" என்றார். பதினோரு வருஷப் பழைய மேசைக் கணினி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் நாலு ஜிபி. உள்ளே ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்க்கொண்டே இருந்தது. 'புதுசு', 'புதுசு 2', 'போன் ஃபுல்', 'போன் ஃபுல் காப்பி', 'அழிக்காதே'. ஒவ்வொரு முறை போன் நிரம்பும்போதும் அப்பா மொத்தத்தையும் இதில் ஏற்றியிருக்கிறார். ஏற்றிய பிறகும் போனில் இருப்பதை அழிக்க மனசு வரவில்லை. அடுத்த முறை பழையதும் சேர்ந்தே வந்திருக்கிறது. தங்கச்சி கல்யாணப் படங்கள் மட்டும் ஆறு இடத்தில் இருந்தன.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஒரு சாயங்காலத்து வேலை என்று நினைத்தேன்.

ஒரே மாதிரிக் கோப்புகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் பலவும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. முதலில் அளவைப் பார்க்கும். அளவு வேறென்றால் கோப்பும் வேறு, மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அளவு ஒன்றாக இருந்தால் தொடக்கத்தில் கொஞ்சம் படித்துப் பார்க்கும். அதுவும் பொருந்தினால் முழுக் கோப்பையும் படித்து 'ஹாஷ்' என்ற ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிடும். ஹாஷும் ஒன்றென்றால், ஜாக்கிரதையான மென்பொருள் கடைசியாக ஒருமுறை பைட் பைட்டாக ஒப்பிட்டுவிட்டுத்தான் "இரண்டும் ஒன்று" என்று சொல்லும். இந்த வழியில் 1,84,000 கோப்புகளில் 71,000 இரட்டைகள் சிக்கின. 290 ஜிபி காலியானது. அப்பாவுக்கு ஏக சந்தோஷம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாட்ஸப்பில் வந்த படங்கள் உறுத்தின. வாட்ஸப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பார்வைக்கு அதே படம், பைட்டுகள் வேறு. இவற்றைப் பிடிக்க வேறொரு முறை உண்டு. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி 9-க்கு 8 என்று 72 புள்ளிகளாகச் சுருக்குவார்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் எது வெளிச்சம் என்று ஒப்பிட்டால் 64 பிட்டுகள் கிடைக்கும். இரண்டு படங்களுக்கு இடையே சில பிட்டுகள் மட்டும் மாறினால் 'ஒரே படம்' என்று கொள்ளலாம். "பெரியதை வை, சிறியதை அழி" என்று விதி கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஐயாவோட நோட்டு படம் எங்கப்பா?"

ஐயா என்பது அப்பாவின் அப்பா. கருவாட்டு வியாபாரம். அவருடைய கணக்கு நோட்டை அப்பா 2016-இல் பழைய போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. நோட்டு நனைந்தது. வெயிலில் காயவைத்து, புதுப் போனில் மறுபடி எடுத்தார். ஆக இரண்டு தொகுதிகள்.

"இருக்குப்பா, இந்தா" என்று திறந்து காட்டினேன்.

"இது நனைஞ்சதுக்கு அப்புறம் எடுத்தது. முன்னாடி எடுத்தது எங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானப்பா."

"ஒண்ணுன்னு எதை வச்சுச் சொல்ற?"

குப்பைத் தொட்டியை நான் காலி செய்திருக்கவில்லை. மீட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில் யாருக்கோ நாற்பது ரூபாய் பாக்கி. பழைய படத்தில் அதன் ஓரத்தில் நீல மையில் இரண்டு சொற்கள்: 'கேட்க வேண்டாம்'. புதுப் படத்தில் அந்த இடத்தில் நீலக் கறை மட்டும். பாக்கி அப்படியே நின்றது.

புதுப் போனின் படம் பெரியது, துல்லியமானது. என் விதிப்படி அதுதான் மிஞ்ச வேண்டும். 72 புள்ளிகளில் அந்த இரண்டு சொற்கள் எங்கே தெரியப்போகின்றன?

அன்று பகல் முழுக்க அப்பாவின் கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. கூடவே எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் நினைவுக்கு வந்தார். அறுபத்து மூவரில் ஒருவரான குலச்சிறையார், பாண்டியனின் அமைச்சர், மணமேற்குடியில் பிறந்தவர் என்கிறது பெரியபுராணம். சம்பந்தருக்கும் சமணருக்கும் மதுரையில் வாதம் நடக்கிறது. இரு தரப்பு ஏடுகளையும் தீயில் இடுகிறார்கள், பிறகு வைகையில் விடுகிறார்கள். சம்பந்தரின் ஏடு ஆற்றை எதிர்த்துப் போக, குதிரையில் பின்தொடர்ந்து போய்த் திருவேடகத்தில் அதை மீட்டவர் குலச்சிறையார். கதையின் முடிவில் வரும் கழுவேற்றம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே சங்கடம். ஆனால் ஓர் ஏட்டின் பின்னால் குதிரையில் ஓடியவர் எங்கள் ஊர் என்பதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு.

ஏடுகள் தீயில் போனது புராணத்தில் மட்டும் நடக்கவில்லை. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி கரிவலம்வந்தநல்லூருக்குப் போனதை எழுதியிருக்கிறார். வரதுங்கராம பாண்டியனின் ஏடுகள் அங்கே கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போகிறார். ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அங்கே சொல்கிறார்கள்; கேட்டால் சாஸ்திரம் என்கிறார்கள். இதற்கு ஐயர் தரும் விளக்கம்தான் முக்கியம். சிதைந்த ஏட்டைப் புது ஓலையில் படியெடுத்துக்கொண்டு, அதன் பிறகு பழையதை நெருப்பில் இடுவதுதான் முன்னோர் வழக்கம். பின்னால் வந்தவர்கள் படியெடுப்பதை மறந்துவிட்டு, நெருப்பில் இடுவதை மட்டும் செய்தார்கள்.

என் தொழிலின் மொழியில் சொன்னால் இது மூன்று வரி ஸ்கிரிப்ட். படி எடு. சரிபார். பழையதை அழி. தலைமுறைகளில் முதல் இரண்டு வரிகள் உதிர்ந்துவிட்டன. மூன்றாவது மட்டும் பக்தியோடு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஓலை சில நூறு ஆண்டுகள் தாங்கினாலே பெரிய விஷயம். கரையானும் ஈரமும் விடாது. அதனால் தமிழ் இலக்கியம் நம்மிடம் வந்ததே படிக்குப் படி, அதற்கொரு படி என்றுதான். ஆனால் ஓலையில் பொதுவாகப் புள்ளி வைக்க மாட்டார்கள். எகர ஏகார வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே படியெடுப்பவர் ஒவ்வோர் இடத்திலும் இது இன்ன எழுத்து என்று முடிவு செய்தபடிதான் எழுதுகிறார். இரண்டு படிகள் அச்சு அசலாக ஒன்றாக இருப்பது அரிது.

1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி ஐயரிடம் கேட்கிறார். 1887-இல் அந்தப் பதிப்பு அச்சாகி வருகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு நல்ல படி கிடைத்ததே என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கிடைத்த படிகளை எல்லாம் சேர்த்து ஒப்பிட்டார். பழைய படியில் ஓலை ஒடிந்திருக்கும், எழுத்து சரியாக இருக்கும். புதுப் படி படிக்கச் சுகமாக இருக்கும், எழுதியவர் தனக்குப் புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றியிருப்பார். "பெரியதை வை, சிறியதை அழி" என்ற என் விதி ஐயரிடம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பாடபேதம் என்று நாம் சொல்வதெல்லாம் என் மென்பொருளின் கணக்கில் வெறும் இரட்டைகள்.

படிகளைக் கழிக்கவே கூடாது என்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் கார்ல் லாக்மன் பெயரால் வழங்கும் பதிப்பு முறையில் இதற்கு ஒரு விதி உண்டு. ஒரு படி, இன்றும் நம் கையில் இருக்கும் இன்னொரு படியைப் பார்த்து எழுதப்பட்டது என்று காட்ட முடிந்தால் அதை ஒதுக்கிவிடலாம். 'இன்றும் கையில் இருக்கும்' என்பதுதான் நிபந்தனை. கரிவலம்வந்தநல்லூரில் மறந்துபோனதும் அதுவேதான்.

படிகள் நிறைய இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. பதிற்றுப்பத்தின் முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்கள் இல்லை. கிடைத்த எந்தப் படியிலும் இல்லை. அறுந்துபோன ஒரு மூலத்திலிருந்து பத்துப் படி எடுத்தால் பத்திலும் அதே இடத்தில்தான் அறுந்திருக்கும். அப்பாவின் டிஸ்க்கிலும் பாதியில் நின்றுபோன ஒரு வீடியோ நாலு இடத்தில் இருந்தது. நாலும் அதே நொடியில் நின்றன.

கணினிக்காரர்களுக்கும் இந்தக் கவலை பழையதுதான். 1953-இல் ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் ஓர் உள்குறிப்பில் ஹாஷ் முறையின் ஆரம்ப வடிவத்தை எழுதினார். ஹாஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொத்திக் கலப்பது என்று பொருள். நம் கொத்துப் பரோட்டா மாதிரி: கொத்தியதிலிருந்து பரோட்டாவைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் அதே பரோட்டாவை அதே விதத்தில் கொத்தினால் அதே கொத்துதான் வரும். 1991-இல் ரொனால்ட் ரிவெஸ்ட் எம்டி5-ஐ வடிவமைத்தார். எவ்வளவு பெரிய கோப்பானாலும் 128 பிட்டுகள். ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட மொத்த எண்ணும் மாறிவிடும். அதையே அடையாளமாக நம்பினோம். 2004-இல் வேறு வேறு தரவுக்கு ஒரே எம்டி5 வரும்படி செய்ய முடியும் என்று சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள். 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறான இரண்டு பிடிஎஃப் கோப்புகளுக்கு ஒரே ஷா-1 எண் வரவைத்தார்கள். வீட்டுப் படங்களில் இப்படித் தற்செயலாக நடக்காது. ஆனால் சுருக்கத்தைப் பார்த்து 'ஒன்று' என்று சொல்வது ஓர் அனுமானம்தான்.

இதற்கு நேர் எதிரும் உண்டு. அப்பாவின் டிஸ்க்கில் ஒரே இடத்தில் 'கோட்டைப்பட்டினம்' என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்? யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகச் சேர்க்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்தாகச் சேர்க்கலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இயந்திரத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். ஓலையில் எழுதியவர்கள் கொம்பிலும் காலிலும் பட்ட பாடு இன்னும் முடியவில்லை.

பைட்டுகள் ஒன்றா என்று இயந்திரம் சொல்லிவிடும், அதில் அதை நம்பலாம். இரண்டும் ஒன்றா என்பது வேறு கேள்வி. எது எப்போது எடுத்தது, இடையில் என்ன நடந்தது, மழை பெய்ததா என்று தெரிந்தவர்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். எங்கள் வீட்டில் அது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கேட்காமலே நான் அழிக்கக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் உட்கார்ந்து வேலையைத் திருப்பிச் செய்தோம். பைட்டுக்குப் பைட் ஒத்தவற்றில் ஒன்று போதும் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். 'ஒரே மாதிரி' என்று நான் தள்ளியவை எல்லாம் குப்பைத் தொட்டியிலிருந்து திரும்பின. நோட்டுப் படங்களின் இரண்டு தொகுதிகளையும் 'புயலுக்கு முன்', 'புயலுக்குப் பின்' என்று பெயரிட்டு, யார், எப்போது, எந்தப் போனில் எடுத்தது என்று அப்பா சொல்லச் சொல்ல ஒரு சின்னக் கோப்பில் எழுதி உள்ளே வைத்தேன். மொத்தத்தையும் வேறொரு டிஸ்க்கில் ஏற்றித் திருச்சியில் தங்கச்சி வீட்டில் கொடுத்தோம். ஒரே கூரையின் கீழ் எத்தனை படி இருந்தாலும் ஒரு புயலுக்கு ஒரு படிதான்.

கிளம்பும்போது கேட்டேன்: "அந்த நாற்பது ரூவா யாருப்பா?"

"பேரு தெரியும். ஐயாதான் கேக்க வேணாம்னு எழுதிட்டாரே" என்று சொல்லிவிட்டு அப்பா கம்ப்யூட்டரை அணைத்தார்.