ஸ்வரங்களின் பெயர்கள்

சீனாவில் ஹூபெய் மாகாணத்தில், ஸூயிஜோ நகருக்கு அருகே 1978இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஸெங் என்ற சிறிய நாட்டை ஆண்ட யீ பிரபுவின் கல்லறை. உள்ளே தேங்கியிருந்த நீரில் 65 வெண்கல மணிகள், பெரும்பாலும் மரச்சட்டத்தில் தொங்கியபடியே இருந்தன. அவற்றில் ஒன்று சூ நாட்டு அரசன் அனுப்பியது. அதன் பொறிப்பு கி.மு. 433ஆம் ஆண்டைக் காட்டுகிறது.

மணிகளின் வாய் வட்டமாக இல்லை, வாதாம்பருப்பு வடிவம். அதனால் நடுவில் தட்டினால் ஒரு ஸ்வரம், பக்கவாட்டில் தட்டினால் இன்னொன்று. எந்த இடத்தில் எந்த ஸ்வரம், அண்டை நாடுகளில் அதற்கு என்ன பெயர் என்பதெல்லாம் மணிகளின் மீதே பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதே கல்லறையில் 21 பெண்களின் சவப்பெட்டிகளும் கிடைத்தன. வயது 13க்கும் 25க்கும் இடையில். பிரபுவுக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்கள். இவர்களில் இசைப்பெண்களும் இருந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஸ்வரங்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். இவர்களில் ஒருத்தியின் பெயரும் தெரியாது.

காட்டுமிராண்டிகளின் செயல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அரை ஸ்வர வித்தியாசத்தைக் கேட்கத் தெரிந்த சபை இதைச் செய்தது. ரசனை மனிதனைப் பண்படுத்தும் என்று நாம் பத்திரிகைக்குப் பத்திரிகை எழுதிவருகிறோம். இந்தக் கல்லறை நமக்குச் சாட்சி சொல்ல வராது. மணிகள் உன்னதமானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த உன்னதம் யாரையும் காப்பாற்றவில்லை என்பதையும் சேர்த்தே அவற்றைக் கேட்கவேண்டியிருக்கிறது.