திண்ணை: ஒரு சொல்லும் அதில் உட்கார முடியாதவர்களும்

களப்பணிக்காகக் கிராமங்களுக்குப் போகும்போது நமக்கு அடிக்கடி நடப்பது இது. பெரியவர் ஒருவர், "வாங்க தம்பி, திண்ணையில உட்காருங்க" என்பார். அடுத்த கேள்வி, "எந்த ஊரு? அங்க எந்தத் தெரு?" நம் பதிலைப் பொறுத்தே, உட்காரச் சொன்ன வாய் தொடர்ந்து பேசும், அல்லது மௌனமாகிவிடும்.

திண்ணை பழைய சொல். 'திண்' என்றால் உறுதி, கெட்டி. மண்ணையோ கல்லையோ கெட்டியாக அடித்து உயர்த்திய இடம் என்பதால் திண்ணை. புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும் பட்டினப்பாலையிலேயே இச்சொல் இருக்கிறது. மலையாளத்தில் 'திண்ண', தெலுங்கில் 'தின்னெ', 'அருகு' என்றும் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் இதைப் 'பியால்' என்று எழுதினார்கள். அது போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் அவர்களின் ஆவணங்களில் 'பியால் பள்ளிகள்' ஆனது இப்படித்தான்.

அந்தப் பள்ளிகளைப் பற்றி இன்று பெருமை பேசுபவர்கள் நிறைய. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஒரு கல்விக் கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் தொகுத்துச் சொன்ன எண்ணிக்கை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். 1983இல் தரம்பால் இந்த ஆவணங்களை நூலாக வெளியிட்ட பிறகு, 'அன்று எல்லாச் சாதியினரும் படித்தார்கள்' என்பதற்கு இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் அந்தப் படிவத்தைப் பாருங்கள். பிராமணர், வைசியர், சூத்திரர், முஸ்லிம்களுக்குத் தனித்தனிப் பத்திகள். மீதி அனைவருக்கும் சேர்த்து 'பிற சாதியார்' என்று ஒரே பத்தி. 'சூத்திரர்' பத்தியில் நிலவுடைமை வேளாளரும் அடக்கம். பறையர், பள்ளர், அருந்ததியர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் அந்தக் கணக்கில் பதில் இல்லை. பள்ளி நடந்தது ஊர்த்தெருவில், ஒருவருடைய வீட்டுத் திண்ணையில். அந்தத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாத பிள்ளை திண்ணையில் ஏறுவது எப்படி?

தெரு திறப்பதற்கே போராட வேண்டியிருந்தது. பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924இல். பிறகு அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 17 தீண்டாமையை ஒழித்தது. பிரிவு 15(2) கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டைத் தடுத்தது. அந்தப் பட்டியலில் திண்ணை இல்லை. அது தனியார் வீட்டின் பகுதி.

இங்கேதான் திண்ணையின் சூட்சுமம். வழிப்போக்கர் இளைப்பாறும்போது, ஊர்க்கதை பேசும்போது, பஞ்சாயத்து நடக்கும்போது அது பொது இடம். நாம் ஏறினால் மட்டும் அது சொந்த வீடு. சட்டம் போட்டு யாரையும் தன் திண்ணையில் உட்காரவைக்கச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஊர் விவகாரம் அங்கே முடிவாகிறது என்றால், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இழப்பது உட்காரும் இடத்தை மட்டுமல்ல, முடிவெடுக்கும் உரிமையையும்தான்.

தோழர்களே, இன்று புதிய வீடுகளில் திண்ணை அரிது. 'திண்ணைப் பிரச்சாரம்', 'திண்ணைப் பேச்சு' என்று சொல்லில் மட்டும் அது வாழ்கிறது. திண்ணை போய்விட்டதே என்று யாராவது ஏங்கினால் நாம் சண்டை போட வேண்டாம். அதில் யார் உட்கார்ந்தார்கள், யார் கீழே நின்றார்கள் என்று கேட்போம். உங்கள் பாட்டியிடமும் கேளுங்கள். மன்றோவின் படிவத்தில் இல்லாத பதில் அவர்களிடம் இருக்கிறது. அதை எழுதி வையுங்கள்.