வீட்டுக் கணினிக்கு ஒரு துறைவாயில்

கெடா மாநிலத்துக் கோல மூடா மாவட்டத்தில், 1,217 மீட்டர் உயர்ந்த ஜெராய் மலையின் தென்புறத்தே அமைந்த சிற்றூர் மெர்போக். அப்பெயரையே தாங்கிய ஆறு கடலொடு கலக்கும் கழிமுகம், வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்கு முற்காலத்தில் புகலிடமாக விளங்கியது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகம் என்பதற்குக் கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கண்டதும், 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் கலம் செலுத்தியதும் தமிழாசிரியர் நன்கறிந்தவை. புக்கிட் பத்து பகாட்டில் இன்று காணப்படும் கற்கோயில் அடித்தளமும், 2009 முதல் சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய படகுத்துறைகளும் அக்காலத்து வாணிகத்தின் எச்சங்கள்.

துறை ஒன்று பயன்பட வேண்டுமாயின், தொலைவில் வருவோன் அதனை இன்னதென்று கண்டுகொள்ள ஓர் அடையாளம் வேண்டும். கலம் உள்ளே புகுதற்கு வழி வேண்டும். புகுவோன் நண்பனோ பகைவனோ என ஆராயும் காவலும் வேண்டும். மெர்போக் கழிமுகத்திற்கு ஜெராய் மலையே அடையாளமாயிற்று. காவல் குன்றியபோது நேர்வது யாது என்பதைச் சோழன் மெய்க்கீர்த்தி சீவிசய நகரின் வாயிலையும் தோரணத்தையும் கதவத்தையும் விரித்துக் கூறுமிடத்தில் காணலாம்.

வெளியூரில் இருப்பவர் தம் வீட்டுக் கணினியை இணையத்தின் வழியே எட்டி, அதில் உள்ள கோப்பைத் திறந்து வேலை செய்வதற்கும் வேண்டுவன இவையே. இணையத்தில் கணினிக்கு முகவரி எண் உண்டு. அம்முகவரிக்குள் 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்ட நுழைவிடங்கள் உண்டு. ஆங்கிலத்தில் துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லே இவற்றிற்கும் பெயராதலின், தமிழில் துறை என்று பெயர்த்தோர் உளர்; வாயில் என்றாரும் உளர். இரண்டும் பொருந்துவனவே.

தொலைவிலிருந்து கணினியை ஆளுதல் அண்மைக் காலத்து வசதி எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. 1940 செப்டம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கூடிய கணித அறிஞர் அவையில், ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பார் ஒரு தட்டச்சுத் தந்திக் கருவியை வைத்தார். கணக்கை அதில் தட்டியவுடன், நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பொறி விடையைத் தந்திக் கம்பி வழியே அனுப்பிற்று. இன்று கணினி என வழங்கும் மின்னணுப் பொறி உருப்பெறுமுன்னரே, தொலைவிலிருந்து அதனை ஆளும் முறை தோன்றிவிட்டது.

இணையத்தின் பிறப்பும் இதனோடு ஒட்டியதே. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவர் சார்லி கிளைன், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் அப்பால் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் இருந்த கணினிக்குள் நுழைய முயன்றார். உள்நுழைவைக் குறிக்கும் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டெழுத்துச் சென்றதும் அக்கணினி நின்றுபோயிற்று. ஒரு மணி நேரத்தின்பின் முயற்சி கைகூடியது. அவ்வலையில் ஓடிய முதற் செய்தி கடிதமன்று, படமன்று; வேறோர் இடத்துக் கணினியின் கதவைத் தட்டிய ஓசை அது. கடிதமும் படமும் பின்னர் வந்து முன்னதை மறைத்துவிட்டன.

அவ்வாண்டு தொடங்கி வளர்ந்த டெல்நெட் என்னும் முறை 23ஆம் துறையில் இயங்கியது. அதில் இரு குறைகள் இருந்தன. மறைசொல் உட்பட யாவும் திறந்த அஞ்சலட்டை போல் வழியெங்கும் படிக்கத்தக்கனவாய்ச் சென்றன என்பது ஒன்று. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் மறைசொற்களை எவரோ ஒட்டுக்கேட்டுத் திருடினர். அதனால் உந்தப்பட்ட தாத்து இலோனென் என்னும் ஆய்வாளர், அனைத்தையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். முறையைப் படைத்து அவ்வாண்டே வெளியிட்டார். அதன் துறை எண் 22. களவே காவலுக்குத் தாயாயிற்று.

மற்றொரு குறை தமிழருக்கே உரியது. டெல்நெட்டின் அடிப்படை எழுத்துத் தொகுதியில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்குமே சரியாய்ப் போயின. தமிழின் 247 எழுத்துக்கும் அதில் இடமேது? தொலைக் கணினியில் அமர்ந்த தமிழர் தம் மொழியை உரோமன் எழுத்தில் எழுத நேர்ந்தது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாயினும், அது நடைமுறைக்கு வரப் பல்லாண்டு சென்றது. இடைக்காலத்தில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும், மலேசியாவில் முரசு அஞ்சலைப் படைத்த முத்து நெடுமாறனும் ஆற்றிய பணியாலும், 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் கூடிய மாநாடுகளாலும் இக்குறை படிப்படியாய் நீங்கியது.

இனி, வீட்டுக் கணினிக்கு வருவோம். மலேசியாவில் 1985இல் நிறுவப்பட்ட மிமோஸ், ஜாரிங் என்னும் வலையைத் தொடங்கியது. 1996இல் டி.எம்.நெட்டும் வந்தது. அந்நாளில் வீட்டுக் கணினி தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியே இணைந்தது. இணையத்தில் இருக்கும்வரை தொலைபேசி மணி அடிக்காது. அழைப்பு வரவேண்டுமாயின் இணையத்தை விடவேண்டும். எனவே கணினியை நாள்முழுதும் இணையத்தில் விட்டு வெளியே செல்வார் அரியர். தொலைவிலிருந்து எட்ட விரும்பியோர், வீட்டு மோடத்திற்கே தொலைபேசி அழைப்பு விடுத்துக் கணினியை ஆளும் பி.சி. எனிவேர் போன்ற மென்பொருள்களை நாடினர். வெளியூரிலிருந்து அழைத்தால் நெடுந்தொலைவுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 2001இல் ஸ்திரீமிக்ஸ் அகலக்கற்றை வந்த பின்னரே இணைப்பு இடையறாது நிற்கலாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில் இரண்டு முறைகள் பரவின. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய வி.என்.சி. ஒன்று. தொலைக் கணினியின் திரையைப் படமாகவே அனுப்புவது இதன் இயல்பு. எழுத்து எம்மொழியினதாயினும் படமாய் வருவதால், இப்பக்கத்துக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் தமிழ் பிழையின்றித் தோன்றியது. டெல்நெட் அடைத்த கதவை வேறு வழியாய்த் திறந்தது இது. மற்றொன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தொலைமேசை. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யின் தொழில்முறைப் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. 'வீட்டுப் பதிப்பு' எனப் பெயரிட்டு விற்ற கணினிக்கு மட்டும் தொலைவிலிருந்து நுழைய இடமில்லை. இன்றைய விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பிலும் அந்நிலையே. வீட்டில் இருப்பவன் அலுவலகத்தை எட்டலாம். அலுவலகத்தில் இருப்பவன் வீட்டை எட்டவேண்டிய தேவை யாது என நினைத்தனர் போலும்!

ஆயினும் பெருந்தடை மென்பொருளில் இல்லை, முகவரியில் இருந்தது. இணையத்தின் பழைய முகவரி முறை 32 இருமவிலக்கங்களால் ஆயது. அதனால் அமையத்தக்க எண்கள் 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம். உலக மக்கள் தொகைக்கே அது போதாது. 1994இல் இதற்கொரு மாற்று முன்வைக்கப்பட்டது: வீட்டில் அல்லது அலுவலகத்தில் உள்ள பல கணினிகள் தமக்குள் தனி எண் வைத்துக்கொண்டு, வெளியுலகிற்கு ஒரே முகவரியைக் காட்டுதல்.

பழைய தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. லயத்தில் குடியிருந்த குடும்பங்கள் பலவாயினும், ஊரிலிருந்து வரும் கடிதங்களுக்குத் தோட்டத்து முகவரி ஒன்றே. தபால் அலுவலகத்தில் இறங்கும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். கணினி உலகில் திசைவி என்னும் கருவியே அக்கிராணி. உள்ளிருந்து ஒரு கணினி வெளியே கேள்வி அனுப்பினால், யார் கேட்டது எனக் குறித்துவைத்து, விடை வந்ததும் உரியவரிடம் சேர்ப்பிக்கும். ஆனால் எவரும் கேளாதிருக்க வெளியிலிருந்து ஒரு செய்தி வந்தால், அதனை எந்த வீட்டிற்குக் கொடுப்பது எனத் தெரியாமல் போட்டுவிடும். வெளியே போக வழியுண்டு. உள்ளே வர வழியில்லை. வீட்டுக் கணினி இணையத்தில் இருந்தும் இணையத்தாருக்கு இல்லாததாயிற்று.

இதற்குப் பரிகாரம் இருந்தது. இன்ன துறைக்கு வருவதை இன்ன கணினியிடம் கொடு எனத் திசைவிக்குக் கட்டளையிட்டு வைக்கலாம். அகலக்கற்றை இணைப்பின் முகவரி அடிக்கடி மாறுவதால், மாறும் எண்ணை ஒரு நிலையான பெயரோடு கட்டிவைக்கும் சேவைகளும் எழுந்தன. ஆனால் 2011 பிப்ரவரியில் உலக இருப்பிலிருந்த பழைய முகவரிகள் தீர்ந்தன. ஏப்ரலில் ஆசிய பசிபிக் வட்டாரத்துக் கையிருப்பும் கடைசித் தொகுதியை எட்டியது. இணைப்பு நிறுவனங்களே ஆயிரக்கணக்கான வாடிக்கையாளரை ஒரே முகவரியின்கீழ் அடைக்கும் முறைக்கு 2012இல் தனி எண்தொகுதி ஒதுக்கப்பட்டது. கைப்பேசி வலைகளில் இது பெருவழக்கு. இப்போது கிராணிக்கு மேலும் ஒரு கிராணி. மேலவர் வீட்டுக்காரரின் கட்டளையைக் கேளார்.

தோட்டங்களைப் பொறுத்தவரை இது சிறு செய்தியன்று. தொலைபேசிக் கம்பி நெடுங்காலம் துரை பங்களாவிலும் அலுவலகத்திலும் நின்றுவிட்ட இடங்கள் பல. அங்கே இணையம் கம்பி வழி வராமல் கைப்பேசி வழி முதலில் வந்தது. கம்பி இணைப்புள்ள நகரத்து வீடு தன் திசைவியில் வழி திறந்துகொள்ளலாம். கைப்பேசி இணைப்பொன்றையே நம்பிய வீடு பார்க்கலாம், கேட்கலாம், வாங்கலாம், ஆனால் தன் கணினியைத் துறையாக்கிக்கொள்ள இயலாது. வேக அளவைக் கொண்டே இணைய வசதியை மதிப்பிடுவோர் கண்ணில் இவ்வேறுபாடு படுவதில்லை.

திறந்த துறைக்கு வரும் ஊறும் சிறிதன்று. யார் என் கணினியைத் தேடப்போகிறார் என்பது பொதுவாய்க் கூறப்படும் வாதம். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர், பழைய முறைப்படி உலகிலுள்ள பொது முகவரி அனைத்தையும் ஒரே கணினியைக் கொண்டு 45 நிமிடத்திற்குள் தட்டிப்பார்க்க இயலும் எனச் செய்து காட்டினர். தேடுவோன் பெயர் கேட்டுத் தேடுவதில்லை. தெருவில் உள்ள கதவெல்லாம் தட்டிச் செல்கின்றான். 2019 மே மாதத்தில் தொலைமேசையில் மறைசொல்லே இன்றி நுழையத்தக்க ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவு நிறுத்தி ஐந்தாண்டு கடந்த எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட நேர்ந்தது. தொலைமேசையின் 3389ஆம் துறையை நேரே உலகிற்குத் திறந்துவைத்தல் கதவில் பூட்டை மாட்டிச் சாவியையும் அருகே தொங்கவிடுதலுக்கு ஒப்பாகும்.

இத்தடையையும் இவ்வச்சத்தையும் ஒருங்கே பயன்படுத்தி வளர்ந்தவை இடைநிலைச் சேவைகள். 2005இல் ஜெர்மனியில் தோன்றிய டீம்வியூவர் போன்றவை ஓர் எளிய உத்தியைக் கையாண்டன. வீட்டுக் கணினியும் வெளியூர்க் கணினியும், இரண்டுமே வெளியே செல்ல வல்லவை. நடுவில் ஒரு சந்தையில் இரண்டும் கூடட்டும். வாயில் எதுவும் திறக்கவேண்டா. கெட்டிக்காரத்தனமான தீர்வு, ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கார் தம் வீட்டிற்குச் செல்லும் வழியை அயலார் ஒருவர் நாள்தோறும் திறந்துவிட வேண்டியதாயிற்று. அச்சேவை நின்றால், கட்டணம் உயர்ந்தால், அங்கே களவு நேர்ந்தால், வீட்டுக்கார் செய்யத்தக்கது சிறிதே.

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கல்விக்கூடங்கள் யாவும் மூடப்பட்டன. மெர்போக்கில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகமும் செமெலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் அவற்றுள் அடங்கும். அதுகாறும் வீட்டுக் கணினியை எட்டுவது சிலரது ஆர்வமாய் இருந்தது. இப்போது வீட்டிலிருந்து பணியிடத்தை எட்டுவது பலருக்குக் கட்டாயமாயிற்று. அம்மாத இறுதியில் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில், ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதிய வயர்கார்டு என்னும் மறைவழி மென்பொருள் சேர்ந்தது. தொலைவிலுள்ள இரு கணினிகளை ஒரே அறையில் இருப்பனபோல் இணைப்பது அது. உரிய சாவியின்றித் தட்டுவோர்க்கு ஒரு மறுமொழியும் தராது வாளாவிருப்பது அதன் சிறப்பு. ஒரு முனைக்கேனும் எட்டத்தக்க பொது முகவரி இருந்தால் இடையில் எவருமின்றி இது நடைபெறும். 128 இருமவிலக்கப் புதிய முகவரி முறை முழுதும் பரவிய இடங்களில் ஒவ்வொரு கணினிக்கும் தனி முகவரி மீண்டும் கிடைக்கும். அங்கும் திசைவியின் காவல் வேண்டும்.

தமிழில் எழுதுவோர் இம்முறைகளைக் கைக்கொள்ளுங்கால் காணும் இடர் ஒன்று. அருகிலுள்ள கணினியிலும் தொலைக் கணினியிலும் தமிழ் விசைப்பலகை ஒருங்கே இயங்கினால், அழுத்திய விசை இருமுறை மாற்றம் பெற்று எழுத்துக் குழம்பிப்போகும். விசையைத் தொலைக் கணினியே தமிழாக்கட்டும் என விட்டு, அருகிலுள்ளதை ஆங்கிலத்தில் நிறுத்திக்கொண்டால், சுங்கை பட்டாணியிலோ சென்னையிலோ அமர்ந்து மெர்போக் வீட்டுக் கணினியில் ழகரமும் றகரமும் பிழையின்றி எழுதலாம்.