முழு ஆடுகளம்: டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களுக்குப் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் மெல்ல மெல்லப் பழகிவிடுகின்றன. ஆனால் பல்கலைக்கழகப் பெண்களின் கூடைப்பந்துக்கு இருபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள் என்றால் பலர் நம்புவதில்லை. டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் அது நடந்திருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் 'லேடி வால்ஸ்' அணியின் வரலாற்றை எட்டு தேசியப் பட்டங்களின் கதையாகவே பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஆடுகளத்தின் மறுபாதியைப் பெண்கள் கேட்டு வாங்கிய கதையாகத்தான் படுகிறது.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்தை உருவாக்கியது 1891 டிசம்பரில். சில மாதங்களிலேயே, 1892-இல், சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்குக் கற்றுத் தந்தார். கூடவே விதிகளையும் மாற்றினார். ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியைத் தாண்டக்கூடாது என்றார். அதிகமாக ஓடினால் பெண்ணுடம்பு தாங்காது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை.

டென்னசி பல்கலைக்கழகத்தில் பெண்கள் 1903-லேயே ஆடத் தொடங்கினார்கள். ஆனால் 1926-இல் பிற கல்லூரிகளுடன் போட்டியிடும் பெண்கள் அணி கைவிடப்பட்டது. மறுபடி அணி என்று ஒன்று உருவாக 1960 ஆயிற்று.

திருப்பம் ஒரு சட்டத்தால் வந்தது. 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தில் 'டைட்டில் நைன்' என்றொரு பகுதி உண்டு. அதன் மூல வாசகம் 37 சொற்கள்தான். அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினம் காரணமாக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்கிறது அது. விளையாட்டு என்ற சொல்லே அதில் இல்லை. ஆனாலும் அது விளையாட்டையும் தொட்டது. சட்டம் வந்தவுடன் பணம் வந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

1974-இல் அணியின் பயிற்சியாளர் திடீரென்று விலக, அந்தப் பொறுப்பு 22 வயதுப் பட்டமேற்படிப்பு மாணவி ஒருவரிடம் வந்தது. அவர்தான் பிற்காலத்தில் பேட் சம்மிட் என்று அறியப்பட்டவர். விவசாயக் குடும்பத்துப் பெண். உள்ளூர்ப் பள்ளியில் பெண்கள் அணி இல்லையென்று, மகள் ஆடவேண்டும் என்பதற்காகவே குடும்பம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்ததாம். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், சீருடைகளை அவரே துவைத்தார். அந்தச் சீருடைகளும் டோனட் விற்ற காசில் வாங்கியவை. ஒருமுறை ஆட்டத்துக்கு முந்தைய இரவு, எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்துத் தரையிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

அடுத்த தடை மாநிலத்தின் பள்ளிகளில் இருந்தது. டென்னசியின் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அப்போது ஆறு பேர் கொண்ட அரை ஆடுகள ஆட்டத்தையே ஆடினார்கள். மூவர் ஒரு பாதியில் பந்து எறிவார்கள், மூவர் மறுபாதியில் தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. தடுப்பவராக நிறுத்தப்பட்ட பெண் பள்ளிக்காலம் முழுக்க ஒருமுறைகூடக் கூடைக்குள் பந்து போடாமல் முடித்துவிடலாம். அப்படிப்பட்டவருக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை தரும்? ஒரு மாணவி நீதிமன்றம் போனார். 1976-இல் கிடைத்த சாதகமான தீர்ப்பு மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. விதியை மாற்றாவிட்டால் சொந்த மாநிலப் பெண்களை அணியில் சேர்க்க முடியாது என்று சம்மிட் வெளிப்படையாகச் சொன்னார். 1979-இல் பள்ளிகள் ஐவர் ஆட்டத்துக்கு மாறின.

தேசிய அளவில் பெண்கள் விளையாட்டை அதுவரை தனிச் சங்கம் ஒன்று நடத்தி வந்தது. 1982-இல் என்.சி.ஏ.ஏ. என்ற பெரிய அமைப்பு பெண்களுக்கும் போட்டி தொடங்கியது. 1987-இல் லூசியானா டெக் அணியை 67-44 என்று வென்று டென்னசி முதல் பட்டம் பெற்றது. பிறகு 1989, 1991, அடுத்து 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று. 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்கள், 39 வெற்றிகள். அந்த அணியின் டமீக்கா கேட்சிங்ஸ் பிறவியிலேயே செவித்திறன் குறைந்தவர். பின்னாளில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2007, 2008 பட்டங்கள் கேண்டஸ் பார்க்கர் காலத்தவை.

தோல்விகளும் உண்டு. ஜீனோ ஆரியமாவின் கனெக்டிகட் அணி 1995, 2000, 2003, 2004 ஆகிய நான்கு இறுதி ஆட்டங்களில் டென்னசியை வீழ்த்தியது. இந்தப் பகைதான் பெண்கள் கூடைப்பந்தைத் தொலைக்காட்சி பார்க்கும் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது என்பது என் கணிப்பு.

38 ஆண்டுகளில் சம்மிட் கண்டவை 1098 வெற்றிகள், 208 தோல்விகள். 2006-இல் அவர் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் அந்தத் தொகையை எட்டியது அதுவே முதல்முறை. இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்தவர்கள் அனைவரும் பட்டமும் பெற்றார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும், காரணமில்லாமல் வகுப்புக்குப் போகாதவருக்கு ஆட்டமும் இல்லை என்பது அவர் விதி. விளையாட்டா படிப்பா என்று பட்டிமன்றம் நடத்தும் பெற்றோர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

2011 ஆகஸ்டில், 59 வயதில், தமக்கு அல்ஸைமர் நோய் தொடங்கியிருப்பதை அவர் வெளியே சொன்னார். மறைக்கவில்லை. துணைப் பயிற்சியாளர்கள் தாங்கிப் பிடிக்க இன்னொரு பருவத்தை நடத்திவிட்டு, 2012 ஏப்ரலில் விலகினார். 2016 ஜூன் 28 அன்று காலமானார். நாக்ஸ்வில் ஆடுகளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2008-க்குப் பின் டென்னசி இறுதி நால்வரில் ஒன்றாக வந்ததில்லை என்பதே 2025 வரையிலான நிலை. ஆனால் 1982 முதல் 2025 வரை நடந்த எந்தத் தேசியப் போட்டிக்கும் தகுதி பெறாமல் இருந்ததில்லை. புலம்பெயர்ந்த நம் வீட்டுப் பெண்களும் இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பந்தோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிறார்கள். நடுவில் இருக்கும் அந்தக் கோடு ஒருகாலத்தில் எல்லைக்கோடாக இருந்தது என்று அவர்களுக்கும் யாராவது சொல்லிவைக்க வேண்டும்.